நிலத்தை விற்கலாமா என்று கேட்ட அப்பாவுக்கும், லேப் ஓடுமா என்று கேட்ட மகளுக்கும்

கேள்வி: ஐயா, நாங்கள் பெங்களூரு மர்பி டவுனில் இருக்கிறோம். சொந்த ஊர் குடியாத்தம் பக்கம். சிவாஜிநகரில் ஃப்ளெக்ஸ், விசிட்டிங் கார்டு அடிக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். மகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து பியூசி (பன்னிரண்டாம் வகுப்பு) வரை இங்கேயே படித்தாள். கர்நாடக அரசின் கேசிஇடி நுழைவுத் தேர்வுக்கான மாதிரி ஒதுக்கீட்டில் (உண்மையான சுற்றுக்கு முன் வருவது) அவளுக்கு யுவிசிஇ என்ற அரசுப் பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் காட்டுகிறது. கட்டணம் ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும் என்கிறார்கள். ஊருக்கு வெளியே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மேனேஜ்மென்ட் சீட் இருக்கிறது, ஆண்டுக்கு 4.5 லட்சம். இந்த வாரமே 1 லட்சம் கட்டினால்தான் சீட் நிற்குமாம், தினமும் போன் வருகிறது. 12 லட்சம் கல்விக் கடன், மீதிக்கு ஊரில் இருக்கும் கொஞ்சம் நிலம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். மச்சான் வாணியம்பாடியிலிருந்து "அண்ணா யுனிவர்சிட்டி இருக்கும்போது அங்கே எதற்கு" என்கிறார். தமிழ்நாட்டுக் கணக்கில் கட்ஆஃப் 187 வருகிறது. எதைச் செய்வது?

(கடிதத்தின் அடியில் வேறு கையெழுத்தில்: "சார், எனக்கு எலக்ட்ரானிக்ஸ்தான் பிடிக்கும். தாத்தா ஐடிஐ டெலிபோன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவருடைய பழைய ரேடியோவை நான்தான் சரி செய்தேன். ஆனால் யுவிசிஇ ரொம்பப் பழைய கட்டடம், லேபில் எதுவும் ஓடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நிஜமா?")

பதில்: அன்புள்ள மர்பி டவுன் நண்பருக்கு வணக்கம்.

தினமும் போன் வருகிறது என்று எழுதியிருப்பதால் அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு லட்சத்தை இந்த வாரம் கட்டாதீர்கள். நான் 26 ஆண்டுகள் பெங்களூருவின் பொறியியல் கல்லூரிகளில் எலக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்தியவன். அதில் ஒன்பது ஆண்டுகள் சேர்க்கைக் குழுவிலும் இருந்தேன். "நாளைக்கு வந்தால் சீட் இருக்காது" என்று பெற்றோரிடம் சொல்லப்பட்ட அதே மேனேஜ்மென்ட் இடங்கள், எல்லாச் சுற்றுகளும் முடிந்து வகுப்பு தொடங்கிய பிறகும் காலியாகக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒருவேளை இந்தப் பதில் வருவதற்குள் கட்டிவிட்டீர்கள் என்றால் மனம் உடைய வேண்டாம். வகுப்பு தொடங்கும் முன் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகரித்த இடங்களுக்கான விதி. அசல் சான்றிதழ்களைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளவும் கூடாது. போனில் பேசாதீர்கள், மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள்.

இரண்டாவது, என் முடிவு. மகளை யுவிசிஇ-யில் எலக்ட்ரானிக்ஸில் சேருங்கள். நிலம் இருக்கட்டும்.

ஏன் என்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நாளைக்கு உங்கள் கடைக்கு வரும் ஒவ்வொரு வாடிக்கையாளரும் "கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தும் விட்டுவிட்டீர்களா?" என்று கேட்பார்கள். அப்போது உங்கள் கையில் கணக்கு இருக்க வேண்டும்.

அந்தக் கணக்கைப் பணத்திலிருந்தே தொடங்குவோம். ஆண்டுக்கு 3 லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளில் 12 லட்சம் கடன் எடுக்கிறீர்கள். கல்விக் கடனில் படிக்கும் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கிடையாது என்பது பலருக்குத் தெரியும். அந்த ஐந்து ஆண்டுகளிலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்பது கையெழுத்துப் போடும்போது மறந்துவிடுகிறது. 10.5 சதவீத வட்டி என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். முதல் தவணை கட்டும் நாளில் உங்கள் கடன் சுமார் 16.4 லட்சமாகியிருக்கும். பத்து ஆண்டில் அடைக்க மாதம் 22,000 ரூபாய்க்கு மேல். கடைசியில் நீங்கள் கட்டி முடிக்கும் மொத்தத் தொகை 26 லட்சத்தைத் தாண்டும். நிலத்தை விற்ற பணம் இதில் சேரவில்லை. பஸ் கட்டணம், தேர்வுக் கட்டணம், ஆண்டுதோறும் ஏறும் தொகை எதுவும் சேரவில்லை. 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும். விற்க நினைக்கும் நிலத்தையே பிணையாக வைக்க முடியாது, அதனால் வீடோ கடையோ உள்ளே வரும். இதை உங்கள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

இப்போது வரவு பக்கம். பெரிய ஐடி நிறுவனங்கள் கல்லூரிகளிலிருந்து கூட்டமாக எடுக்கும் புதியவர்களுக்குத் தரும் சம்பளம் பல ஆண்டுகளாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. கைக்கு வருவது மாதம் 25,000 சொச்சம். அதில் 22,000 தவணைக்குப் போனால் 22 வயதுப் பெண்ணிடம் என்ன மிஞ்சும்? நல்ல வேலைக்காக ஆறு மாதம் காத்திருக்க முடியாது. கேட் (GATE) தேர்வு எழுதி எம்டெக் போக முடியாது. கிடைத்த முதல் வேலையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கும். அதைத்தான் நான் கடனின் உண்மையான விலை என்பேன். கடன் பெற்றோர் பெயரில் இருந்தாலும் மனத்தில் சுமப்பது பிள்ளைதான். என்னிடம் படித்த ஒரு பையன் மூன்றாம் ஆண்டில் ஐந்து பேப்பர் பேக்லாக் (அரியர்) வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போன் செய்வதையே நிறுத்திவிட்டான். அப்பா தறி ஓட்டுபவர். "ஒவ்வொரு பேப்பருக்கும் எவ்வளவு ரூபாய் என்று எனக்குக் கணக்குத் தெரியும் சார்" என்றான். வகுப்பறையில் அவன் தூங்கியதைச் சோம்பேறித்தனம் என்று நான் முதலில் நினைத்துவிட்டேன். இன்று வரை எனக்கு அது வலிக்கிறது.

சரி, பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். செலவுக்கு ஏற்ற தரம் அங்கே இருக்கிறதா என்பது நியாயமான கேள்வி. அதற்கு பிராஸ்பெக்டஸைப் பார்க்காதீர்கள். நான் ஒரு கல்லூரியில் இருந்தபோது ஓர் ஆண்டு எங்கள் பிராஸ்பெக்டஸ் அட்டையில் ஒரு மாணவியின் படமும் பெரிய சம்பளத் தொகையும் போட்டோம். அந்த வேலை கல்லூரி வாங்கிக் கொடுத்ததே இல்லை. அவளே இணையத்தில் தேர்வு எழுதி, தானே நான்கு சுற்று நேர்காணலில் உட்கார்ந்து வாங்கியது. அந்த அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சேர்க்கை அறைக்கு வந்த பெற்றோரிடம் இந்த உண்மையை நான் சொல்லவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியினால்தான் இப்போது யார் கேட்டாலும் முதலில் இதைச் சொல்கிறேன்: ஒருவர் வாங்கிய உச்சச் சம்பளம் உங்கள் பிள்ளைக்கு எதையும் சொல்லாது. நடுவில் நிற்கும் மாணவருக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, பெற்றோரில் பத்தில் ஒருவர்கூட அதைத் திறந்து பார்ப்பதில்லை. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையில் பங்கேற்கும் ஒவ்வொரு கல்லூரியும் தான் சமர்ப்பித்த விவரங்களைத் தன் இணையதளத்தில் வைக்க வேண்டும். அதில் நான்காண்டுப் படிப்புக்கு என்று ஓர் அட்டவணை இருக்கும். அந்த ஆண்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் நான்கு ஆண்டில் ஒழுங்காக முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, நடு மாணவரின் சம்பளம் என்ன, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று எண்கள் வரிசையாக நிற்கும். நான் முதலில் பார்ப்பது இரண்டாவது எண்ணை. சேர்ந்தவர் எண்ணிக்கைக்கும் நேரத்தில் முடித்தவர் எண்ணிக்கைக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருந்தால், அந்த வகுப்புகளில் பாடம் பிள்ளைகளைச் சென்று சேரவில்லை என்று அர்த்தம். வேலை வாய்ப்பு விழுக்காட்டைக்கூட "தகுதியுள்ளவர்களில்" என்று சொல்லி உயர்த்திக் காட்டலாம். இந்தப் பள்ளத்தை அப்படி மறைப்பது கடினம்.

தரவரிசை எண்ணையே நம்பிவிட வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. என்ஐஆர்எஃப் பொறியியல் பட்டியலில் கற்பித்தலும் வசதிகளும் சேர்ந்து 30 விழுக்காடு, ஆராய்ச்சி தனியாக 30 விழுக்காடு. ஆராய்ச்சிக் கட்டுரைகள் நிறைய வந்தால் ஒரு நிறுவனம் மேலே ஏறும். நல்ல விஷயம்தான். ஆனால் உங்கள் மகளுக்கு இரண்டாம் ஆண்டில் நெட்வொர்க் அனாலிசிஸ் நடத்தப்போவது யார் என்று அந்த எண் சொல்லாது. அதேபோல "நாக் ஏ ப்ளஸ்" என்று பெரிய பலகை வைத்திருப்பார்கள். நாக் சான்று முழு நிறுவனத்துக்கும் சேர்த்துத் தருவது. என்பிஏ சான்றுதான் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாகத் தருவது. உங்களுக்குச் சீட் தரும் அந்தப் பிரிவுக்கு என்பிஏ இருக்கிறதா, எந்த ஆண்டு வரை என்று கேட்டால், பதில் சொல்பவரின் முகமே பாதியைச் சொல்லிவிடும்.

"பல்கலைக்கழகம்" என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். உங்கள் கடிதத்தில் ஒன்று கல்லூரி, மற்றது பல்கலைக்கழகம், அதனால் பின்னது பெரியது என்ற எண்ணம் லேசாகத் தெரிகிறது. பெங்களூருவில் நல்ல பெயர் எடுத்த ஆர்வி, பிஎம்எஸ், ராமையா போன்றவை விடியு என்கிற விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் தன்னாட்சிக் கல்லூரிகள். பாடத்திட்டத்தை அவர்களே வகுப்பார்கள், பட்டம் விடியு பெயரில் வரும். தனியார் பல்கலைக்கழகம் என்பது தனிச் சட்டத்தால் வந்தது, பாடமும் அவர்களுடையது, தேர்வும் பட்டமும் அவர்களுடையது. அந்தச் சுதந்திரத்தை நன்றாகப் பயன்படுத்தியவர்களும் இருக்கிறார்கள், ஒரே பாடப்பிரிவில் செக்‌ஷன் மேல் செக்‌ஷனாகச் சேர்த்துக்கொண்டே போனவர்களும் இருக்கிறார்கள். உங்களுக்குப் போன் செய்கிறவரிடம் கம்ப்யூட்டர் சயின்ஸில் முதலாண்டு எத்தனை செக்‌ஷன், அதில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது ஏஐசிடிஇ அளவுகோல். 60 பேர் கொண்ட செக்‌ஷன் பத்துக்கு மேல் வைத்திருக்கும் இடத்தில் அந்த ஆசிரியர்களை எங்கிருந்து பிடித்தார்கள் என்பதுதான் என் கவலை.

யுவிசிஇ-யும் இப்போது கல்லூரி இல்லை. 1917-இல் விஸ்வேஸ்வரய்யா மைசூர் திவானாக இருந்தபோது தொடங்கியது. நெடுங்காலம் பெங்களூர் பல்கலைக்கழகத்தின் உறுப்பாக இருந்து, 2022-இல் தனிச் சட்டத்தின் கீழ் தன்னுரிமை கொண்ட பல்கலைக்கழகமானது. விண்வெளித் துறையில் பெரும்பெயர் எடுத்த ரொத்தம் நரசிம்மா, பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ-வின் தலைவராக இருந்த வி.கே. ஆத்ரே இருவரும் இங்கே படித்தவர்கள். பழம்பெருமைக்காகச் சேர்க்கச் சொல்லவில்லை. பொதுப் போட்டியில் நல்ல ரேங்க் எடுத்துவரும் பிள்ளைகள் அந்த வகுப்பை நிரப்புகிறார்கள், அதற்காகச் சொல்கிறேன். ஆசிரியர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் ஒரு மாணவர் பாதிப் பாடத்தைப் பக்கத்துப் பெஞ்சிலிருந்துதான் கற்றுக்கொள்கிறார். இதை 26 ஆண்டு கரும்பலகைக்கு முன்னால் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன்.

மச்சானுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் மனத்தில் இருப்பது கிண்டி வளாகம். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய இடம், அதன் மதிப்பில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. ஆனால் 187-க்குக் கிண்டியில் எலக்ட்ரானிக்ஸ் கிடைப்பது கடினம். அப்புறம் மிஞ்சுவது அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள். எல்லாவற்றிலும் சான்றிதழில் அண்ணா பெயர் வரும், உள்ளே இருக்கும் தரமோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அவற்றில் மிக நல்லவையும் உண்டு. ஆனால் வீட்டிலிருந்து மெட்ரோவில் போகக்கூடிய அரசு இடத்தை விட்டுவிட்டு ஹாஸ்டல் செலவோடு அங்கே அனுப்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. பதிவு செய்து வைத்திருக்கிறீர்கள் என்றால் தொடருங்கள், தவறில்லை. மகள் வெளிமாநிலத்தில் படித்ததால் நேட்டிவிட்டி சான்றிதழ் கட்டாயம் கேட்பார்கள், அதைத் தாலுகா அலுவலகத்தில் இப்போதே எடுத்துவிடுங்கள். ஒன்றைக் கவனத்தில் வையுங்கள்: தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்றிதழைக் காட்டிக் கர்நாடகத்தில் சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீடு கேட்க முடியாது. மகளுக்கு இங்கே கிடைத்திருப்பது அந்தச் சலுகை எதுவும் இல்லாமல் கிடைத்த இடம். எவ்வளவு உழைத்திருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றிய உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. பக்கத்து வீட்டுப் பையன் அதைப் படித்து ஒயிட்ஃபீல்டில் வீடு வாங்கியிருப்பான். அந்த ஆசை தப்பில்லை. ஆனால் இரண்டு விஷயம். முதலாவது, அதுதான் வேண்டும் என்றாலும் அதற்கு 18 லட்சம் தேவையில்லை. தனியார் கல்லூரிகளில் ஒரே வகுப்பில் கேசிஇடி வழியாக வந்தவர், காமெட்கே (தனியார் கல்லூரிகளின் நுழைவுத் தேர்வு) வழியாக வந்தவர், மேனேஜ்மென்ட் வழியாக வந்தவர் மூவரும் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பார்கள். ஒரே பாடம், ஒரே ஆசிரியர், மூன்று கட்டணம். உங்கள் மகளின் ரேங்குக்குக் கேசிஇடி வழியாகவே ஏதாவது ஒரு நல்ல தன்னாட்சிக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸோ அதை ஒட்டிய பிரிவோ கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. இரண்டாவது, எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களைச் சாஃப்ட்வேர் நிறுவனங்கள் கேம்பஸில் எடுக்காமல் இருந்த காலம் எனக்கு நினைவில்லை. என் மாணவர்களில் பாதிக்கும் மேல் அங்கேதான் போனார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர் சிப் டிசைனுக்குள் வருவதைவிட, எலக்ட்ரானிக்ஸ் படித்தவர் நிரல் எழுதப் போவது எளிது.

இந்த ஊரை எல்லோரும் சாஃப்ட்வேர் ஊர் என்கிறார்கள். இங்கே முதலில் வேர் விட்டது எலக்ட்ரானிக்ஸ்தான். 1948-இல் தூரவாணி நகரில் ஐடிஐ, 1954-இல் ஜாலஹள்ளியில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பிஇஎல்). டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-இல் இங்கே வந்ததற்குக் காரணம் இங்கே அந்த வேலை தெரிந்த பொறியாளர்கள் இருந்தார்கள் என்பதும்தான். உங்கள் அப்பாவைப் போன்ற எத்தனையோ தமிழ்த் தொழிலாளர்கள் டெலிபோன் பெட்டிகளைப் பூட்டிய அந்த வேலையிலிருந்து வந்த வரிசை இது. இன்று உலகத்தின் பெரிய சிப் நிறுவனங்கள் பலவற்றுக்கு இங்கே வடிவமைப்புக் கூடங்கள் இருக்கின்றன. அந்த வேலை சுலபமாகக் கிடைப்பதில்லை, அடிப்படை பலமாக இருக்க வேண்டும், பல நேரம் எம்டெக்கும் கேட்பார்கள். ஆனால் பேத்தி தாத்தாவின் ரேடியோவைத் தானாகத் திறந்து சரி செய்திருக்கிறாள். அவளை அந்தத் திசையில் போக விடாமல் 26 லட்சம் கொடுத்து வேறு பக்கம் திருப்புவது என் மனத்துக்கு ஒப்பவில்லை.

இனி உனக்கு, அம்மா.

நீ கேட்டது இரண்டே வரிதான், ஆனால் கடிதத்தில் இருந்ததிலேயே நல்ல கேள்வி அதுதான். கட்டடம் பழசு, நிஜம். எல்லா லேபிலும் எல்லாக் கருவியும் ஓடும் என்று நான் உனக்குச் சத்தியம் செய்ய மாட்டேன். அரசு நிறுவனங்களில் ஓர் ஆசிலோஸ்கோப் பழுதானால் அதைச் சரி செய்ய ஆகும் கடிதப் போக்குவரத்து உன் அப்பாவைக் கோபப்படுத்தும். நிரந்தர ஆசிரியர் இடங்கள் நிரம்பத் தாமதமாகும், சில பாடங்களுக்குக் கெஸ்ட் லெக்சரர் வருவார், பாதியில் மாறுவார். இதையெல்லாம் தெரிந்துகொண்டே உள்ளே போ. ஏமாந்துவிட்டோம் என்று இரண்டாம் ஆண்டில் அழக் கூடாது.

ஆனால் யாரோ சொன்னதைக் கேட்டு முடிவு செய்யாதே. ஹலசூரு மெட்ரோவில் ஏறினால் ஐந்தாவது நிலையம் சர் எம். விஸ்வேஸ்வரய்யா. அங்கிருந்து கே.ஆர். சர்க்கிள் நடக்கிற தூரம். வேலை நாளில், மதியம் இரண்டு மணிக்கு மேல் போ, அப்போதுதான் லேப் நடக்கும். பிரின்சிபால் அறைக்குப் போக வேண்டாம். மூன்றாம் ஆண்டு படிக்கிற அக்கா யாராவது லேபிலிருந்து வெளியே வருவாள், அவளை நிறுத்திக் கேள். ஒரு மேசைக்கு எத்தனை பேர் நிற்கிறீர்கள்? இரண்டு பேர் என்றால் அருமை, மூன்று பேர் என்றால் பரவாயில்லை. ஐந்து பேர் நிற்கிற மேசையில் இருவர் சர்க்யூட் போடுவார்கள், மூவர் ரெக்கார்டு நோட்டு எழுதுவார்கள், அந்த மூவரில் பெரும்பாலும் பெண்கள் இருப்பார்கள். இதை எத்தனையோ லேபில் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு இடம் மாற்றியிருக்கிறேன். நீ எங்கே படித்தாலும் ஒயரைக் கையில் எடுக்கிற ஆளாக இரு. அப்புறம் கேள்: சிப் டிசைன் மென்பொருள், கேடன்ஸ் மாதிரி ஏதாவது, பிடெக் மாணவர்களுக்குத் தொடக் கிடைக்கிறதா? மாலை ஐந்து மணிக்கு மேல் எந்த ஆசிரியரின் அறையில் விளக்கு எரியும்? அந்தக் கடைசிக் கேள்விக்கு அவள் யோசிக்காமல் ஒரு பெயர் சொன்னால் போதும், உனக்கு ஆள் கிடைத்துவிட்டார். நான்கு ஆண்டுக்கு அப்படி இரண்டு ஆசிரியர்கள் கிடைத்த மாணவர்கள் யாரும் வீணாகப் போய் நான் பார்த்ததில்லை.

பாடம் சரியாக நடக்காத தாள்களுக்கு என்பிடெல் இருக்கிறது. ஐஐடி பேராசிரியர்கள் நடத்திய முழு வகுப்புகள், இலவசம். சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ், டிஜிட்டல் சர்க்யூட்ஸ் இரண்டையும் அதில் ஒருமுறை முழுதாகக் கேட்டுவிடு. நிரல் எழுதுவதை மட்டும் முதல் செமஸ்டரிலிருந்தே விடாதே, சி மொழியில் தொடங்கு. அப்பாவின் பயத்துக்கு நீ தரக்கூடிய பதில் அதுதான். கருவிகளுக்கு எஸ்.பி. ரோடு இருக்கிறது. உன் கல்லூரியிலிருந்து அதிக தூரமில்லை. ரெசிஸ்டரும் ஐசியும் பிரெட்போர்டும் வாங்க வேறெங்கும் போக வேண்டியதில்லை. லேபில் ஓடாத பரிசோதனையை வீட்டு மேசையில் ஓட்டிப் பார்த்த பிள்ளைகளை நேர்காணலில் இரண்டே கேள்வியில் அடையாளம் கண்டுவிடலாம்.

மறுபடி அப்பாவுக்கு, செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். மாதிரி ஒதுக்கீடு வந்த பிறகும் ஆப்ஷன் வரிசையை மாற்ற அவகாசம் தருவார்கள். அந்த வரிசையை மகள் போடட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். "கிடைக்குமா" என்று யோசித்துப் போடக் கூடாது, எது வேண்டுமோ அந்த வரிசையில் போட வேண்டும். மேலே எட்டாத ஆசையை வைப்பதால் கீழே உள்ளது பறிபோகாது. ஆனால் மேலே உள்ள ஒன்று கிடைத்துவிட்டால் அதற்குக் கீழே இருப்பவை எல்லாம் அழிந்துவிடும், அதனால் மனமில்லாத எதையும் யுவிசிஇ-க்கு மேலே வைக்காதீர்கள். அதற்குக் கீழேயும் ஏழெட்டுக் கல்லூரிகளாவது இருக்கட்டும், மாதிரி ஒதுக்கீடு மாறலாம்.

உண்மையான சுற்று முடிவு வந்ததும் நான்கு சாய்ஸ் கேட்பார்கள். அதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். கிடைத்தது பிடித்திருக்கிறது, சேருகிறோம் என்றால் முதல் சாய்ஸ். இதைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் மேலே உள்ளதற்கு அடுத்த சுற்றில் முயல்கிறோம் என்றால் இரண்டாவது. மூன்றாவது சாய்ஸ் போட்டால் கையில் இருக்கும் சீட் போய்விடும், நான்காவது போட்டால் கேசிஇடி-யை விட்டே வெளியே வந்துவிடுவீர்கள். யுவிசிஇ எலக்ட்ரானிக்ஸ் வந்தால், லேபைப் பார்த்துவிட்டு வந்த மகள் சரி என்றால், முதல் சாய்ஸை அழுத்திக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். கெடு தேதிக்கு ஒரு நாள் முன்னாடியே கட்டுங்கள், கடைசி மணி நேரத்தில் அந்த இணையதளம் திணறும்.

அந்தத் தனியார் பல்கலைக்கழகத்திலிருந்து நாளைக்கும் போன் வரும். நான் மேலே சொன்ன செக்‌ஷன் கேள்வியையும் என்பிஏ கேள்வியையும் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். வந்தால் எனக்கும் அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன். மகள் மதியம் போய்ப் பார்த்துவிட்டு வந்ததும், ஒரு மேசைக்கு எத்தனை பேர் என்று எனக்கு எழுதச் சொல்லுங்கள்.